கிரப்புக்கும் படிக்கத் தெரிய வேண்டும்

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஃபைல்சிஸ்டத்தை மாற்றப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, “உங்க கிரப் எந்த வெர்ஷன்?” என்பதைத்தான். கெர்னல் வெர்ஷனை டக்கென்று சொல்லிவிடுவார்கள். கிரப் வெர்ஷனைப் பார்த்து வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்குமா என்பது பெரும்பாலும் அந்த எண்ணைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபர்ம்வேர் கிரப்பை எழுப்பிவிடுகிறது. கிரப் டிஸ்க்கைத் திறந்து, கெர்னல் ஃபைலையும் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலையும் தேடி எடுத்து, மெமரியில் ஏற்றி, கெர்னலை ஓடவிட வேண்டும். அந்த நிமிஷத்தில் கெர்னல் என்பது டிஸ்க்கில் கிடக்கும் இன்னொரு ஃபைல், அவ்வளவுதான். எக்ஸ்ட்4-ஐயோ பிடிஆர்எஃப்எஸ்ஸையோ படித்துக் கொடுக்க அது எழுந்து வராது. அதனால் கிரப்புக்குள்ளேயே ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்துக்கும் தனியாக ஒரு சின்ன ரீடர் எழுதி வைத்திருக்கிறார்கள். கெர்னலில் இருக்கும் கோடுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வெளியாகும் தேதியும் வேறு. ஒரே பார்ட்டிஷனை இரண்டு பேர் படிக்கிறார்கள், முதலில் படிப்பவர் கிரப். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி வேலையெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

கெர்னலுக்குப் புரிந்தது கிரப்புக்குப் புரியாமல் போனால் கருப்புத் திரையில் ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ என்று ஒரு வரியும், அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ பிராம்ப்ட்டும் வந்து நிற்கும். பார்த்ததும் டிஸ்க் போய்விட்டது, டேட்டா போய்விட்டது என்று வயிறு கலங்கும். அப்படி எதுவும் ஆகியிருக்காது. லைவ் யூஎஸ்பி போட்டுப் பார்த்தால் அதே பார்ட்டிஷன் அழகாக மவுண்ட் ஆகும். தயவுசெய்து அந்தத் திரையைப் பார்த்துவிட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

கிரப்புக்கு முந்தைய பூட்லோடரான லைலோவுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஃபைல்சிஸ்டம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. கெர்னல் ஃபைல் டிஸ்க்கில் எந்தெந்த பிளாக்கில் இருக்கிறது என்று லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளும்; பூட் ஆகும்போது அந்தப் பட்டியலைப் பார்த்து வரிசையாக அள்ளும். கெர்னலை மாற்றினால் லைலோ கட்டளையை மறுபடி ஓட்டியாக வேண்டும். ரெய்சர்எஃப்எஸ் வந்ததும் அந்த முறையும் இடறியது. அது சின்ன ஃபைல்களையும் ஃபைல்களின் கடைசித் துண்டுகளையும் சேர்த்து மடித்து வைக்கும் பழக்கம் உள்ளது. அதனால் பூட் பார்ட்டிஷனை ‘நோடெயில்’ ஆப்ஷனோடு மவுண்ட் செய்யச் சொன்னார்கள். பேலன்ஸ் ஓட்டினால் பிளாக்குகளையே இடம் மாற்றிவிடும் பிடிஆர்எஃப்எஸ்ஸில் இப்படிப் பட்டியல் போட்டு வைப்பது செல்லாது.

1995-இல் எரிக் போலின் தொடங்கிய கிரப், ஃபைல்சிஸ்டத்தைத் தானே படிப்பது என்ற வழியை எடுத்தது. சுகமான வழி. கெர்னல் மாறினாலும் பெயரைச் சொன்னால் போதும், தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு புது ஃபைல்சிஸ்டத்தையும் அது துரத்திக்கொண்டே ஓட வேண்டியதாயிற்று. 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 வந்தபோது எக்ஸ்ட்4 சோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அப்போது எல்லோரிடமும் இருந்த கிரப் லெகசி 0.97-க்கு எக்ஸ்ட்4-இன் எக்ஸ்டென்ட் முறை புரியாது. அதை வளர்ப்பதையும் நிறுத்திவிட்டிருந்தார்கள். சில டிஸ்ட்ரோக்கள் தாங்களே பேட்ச் போட்டுக்கொண்டன. 2009-இல் வந்த ஃபெடோரா 11, ரூட்டை எக்ஸ்ட்4-இல் வைத்துவிட்டு பூட் பார்ட்டிஷனை மட்டும் எக்ஸ்ட்3-இலேயே விட்டது.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2023-இல் மறுபடி நடந்தது, அதுவும் பெயர்கூட மாறாத எக்ஸ்ட்4-இல். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் ‘புது ஃபைல்சிஸ்டம்’ என்பது எப்போதும் புதுப் பெயரோடு வருவதில்லை.

எக்ஸ்ட் குடும்பத்தின் சூப்பர்பிளாக், பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளித் தொடங்குகிறது. என்னென்ன வசதி இதில் இருக்கிறது என்று சொல்ல அதில் மூன்று இடங்கள் உண்டு. காம்பேட் என்ற இடத்தில் தெரியாத பிட் இருந்தால் கவலையில்லை, படிக்கலாம், எழுதலாம். ஆர்ஓ-காம்பேட்டில் தெரியாதது இருந்தால் படிக்க மட்டும் செய்யலாம். இன்காம்பேட்டில் தெரியாதது இருந்தால் தொடவே கூடாது. கிரப் படிக்க மட்டுமே வருவதால் அதைத் தடுக்கக்கூடியது மூன்றாவது இடம்தான்.

எக்ஸ்ட்4 கருவிகளின் தொகுப்பான இ2எஃப்எஸ்புரோக்ஸின் 1.47.0, 2023 பிப்ரவரியில் வந்தது; அது புதிதாக ஃபார்மேட் செய்யும் எக்ஸ்ட்4-இல் இரண்டு வசதிகளைத் தானாகவே போட ஆரம்பித்தது. ஒன்று ஆர்ஃபன்-ஃபைல், அது காம்பேட் இடத்தில் இருப்பதால் தொந்தரவு இல்லை. மற்றது மெட்டாடேட்டா-சிசம்-சீட். அதற்கு முன்பு எக்ஸ்ட்4-இன் செக்சம்கள், ஃபைல்சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடியை வைத்துக் கணக்கிடப்பட்டன. யூயூஐடியை மாற்றினால் எல்லா செக்சமையும் திரும்ப எழுத வேண்டும். அந்தக் கணக்கின் தொடக்க எண்ணைச் சூப்பர்பிளாக்கிலேயே தனியாக வைத்துவிட்டால், மவுண்ட் ஆகியிருக்கும்போதே யூயூஐடியை மாற்றலாம். ஒரே இமேஜிலிருந்து பல விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்குபவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இந்த பிட் உட்கார்ந்திருப்பது இன்காம்பேட்டில்.

கிரப் 2.06 வெளியானது 2021 ஜூனில். இந்த பிட்டைக் கண்டுகொள்ளாமல் போ என்று சொல்லும் சின்னத் திருத்தம் கிரப்பின் சோர்ஸில் சேர்ந்ததும் அதே மாதம்தான், ஆனால் 2.06 வெளியான பிறகு. அதைத் தாங்கிய அடுத்த வெளியீடான 2.12 வந்தது 2023 டிசம்பரில். இடையில் இரண்டரை வருஷம். டெபியன் 12, 1.47.0-ஐ எடுத்துக்கொண்டபோதே அந்த இரண்டு வசதியையும் டிஃபால்ட்டில் போடாமல் விட்டது, பொறுப்பான முடிவு. ஆனால் புது டிஸ்ட்ரோவின் லைவ் யூஎஸ்பியில் ஃபார்மேட் செய்துவிட்டு, அந்தப் பார்ட்டிஷனில் திருத்தம் சேராத 2.06 உள்ள பழைய டிஸ்ட்ரோவைக் கொண்டுவந்து வைப்பவருக்கு ‘அன்னோன் ஃபைல்சிஸ்டம்’ காத்திருக்கும். இதற்குத் தீர்வு எளிது: மவுண்ட் செய்யாமல் லைவ் யூஎஸ்பியிலிருந்து டியூன்2எஃப்எஸ் கட்டளையால் அந்த ஒரு வசதியை மட்டும் எடுத்துவிட்டால் போதும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸும் இதே பாதையில்தான் வந்தது. எக்ஸ்எஃப்எஸ்புரோக்ஸ் 6.5-இலிருந்து பெரிய எக்ஸ்டென்ட் கவுண்ட்டர் டிஃபால்ட் ஆனது, கிரப் 2.06-க்கு அது புரியாது. பிடிஆர்எஃப்எஸ்ஸில் இசட்ஸ்டேண்டர்ட் கம்ப்ரெஷன் 2017-இல் கெர்னல் 4.14-இல் சேர்ந்தது, கிரப் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது 2019-இல் வந்த 2.04-இல். இந்த இடைவெளி எப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையில் இறங்குவது நல்லது.

இனி, நிறையப் பேர் கேட்கும் மாற்றத்துக்கு வருகிறேன்: யூஇஎஃப்ஐ உள்ள டெபியன் கம்ப்யூட்டரில் ரூட் எக்ஸ்ட்4-இல் இருக்கிறது, அதை பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் முடிவு, பூட் ஃபோல்டர் எங்கே இருக்கும் என்பது. அதைத் தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் வைத்துவிட்டால் கிரப்புக்கு ஒன்றும் புதிதாகத் தெரிய வேண்டாம். ரூட் எந்த ஃபைல்சிஸ்டமானாலும் கெர்னல் பார்த்துக்கொள்ளும். சிஸ்டம்டி-பூட் என்ற இன்னொரு பூட்லோடர் போகும் வழியும் கிட்டத்தட்ட இதுதான். அது ஃபர்ம்வேருக்குப் படிக்கத் தெரிந்ததை மட்டும் நம்பி, கெர்னலை இஎஸ்பியிலேயே, அதாவது யூஇஎஃப்ஐ பூட் ஃபைல்கள் இருக்கும் சின்னப் பார்ட்டிஷனிலேயே, வைத்துக்கொள்கிறது. 2024 ஜனவரியில் கெர்னல் 6.7-இல் பிகேஷ்எஃப்எஸ் வந்தபோது, கிரப்பில் அதற்கு ரீடரே இல்லாததால், அதை ரூட்டாக வைக்க நினைத்தவர்களுக்குத் தனி பூட் பார்ட்டிஷன் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆனாலும் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குப் போவதே ஸ்னாப்ஷாட்டுக்காக என்றால், பூட் ஃபோல்டரை உள்ளேயே வையுங்கள். காரணம் இது. தனி பார்ட்டிஷனில் கெர்னல் இருந்து, ரூட்டை மட்டும் போன மாத ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், கெர்னல் புதியது, மாட்யூல் ஃபோல்டர் பழையது. கெர்னல் எழும், அதன் வெர்ஷனுக்கான மாட்யூல்கள் ரூட்டில் இருக்காது, வைஃபை வராது, சில நேரம் கீபோர்டுகூட வேலை செய்யாது. அவசரத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் அவசரத்தில் கைவிட்டுவிடும். கெர்னலும் மாட்யூலும் ஒரே சப்வால்யூமில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே முன்னும் பின்னும் போகும். கிரப் 2.04 அல்லது அதற்கு மேல் இருந்தால் கம்ப்ரெஷனோடு சேர்த்து இதைத் தயக்கமில்லாமல் செய்யலாம்.

இருக்கும் எக்ஸ்ட்4-ஐ அப்படியே மாற்ற பிடிஆர்எஃப்எஸ்-கன்வெர்ட் என்ற கருவி உண்டு. பழைய நிலையை ஒரு சப்வால்யூமில் சேமித்து வைக்கும், திரும்பவும் முடியும். இருந்தும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. டிஸ்க்கில் இடம் இருந்தால் பக்கத்தில் புதுப் பார்ட்டிஷன் போட்டு, எல்லாவற்றையும் ஆர்சிங்க்கில் நகலெடுப்பதுதான் நிம்மதி. பழைய சிஸ்டம் தொடப்படாமல், பூட் ஆகும் நிலையிலேயே கிடக்கும். இரண்டிலும் பேக்கப் தனியாக எடுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

நகலெடுப்பதற்கு முன்பே, பழைய சிஸ்டத்தில் இருந்துகொண்டு பிடிஆர்எஃப்எஸ்-புரோக்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் செய்துவிடுங்கள். புதுப் பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்து, ரூட்டுக்கு ‘@’, ஹோமுக்கு ‘@ஹோம்’ என்று இரண்டு சப்வால்யூம் போடுங்கள். ஸ்னாப்ஷாட் எடுக்கும் டைம்ஷிஃப்ட் கருவி இந்த அமைப்பைத்தான் எதிர்பார்க்கிறது. டெபியன் இன்ஸ்டாலர் தானாகப் போடும் பெயர் வேறு, ‘@ரூட்எஃப்எஸ்’. இப்போது லைவ் யூஎஸ்பிக்கு மாறி, ஏசிஎல், எக்ஸ்டெண்டட் அட்ரிபியூட், ஹார்ட்லிங்க் எதுவும் விடுபடாத ஆப்ஷன்களோடு ஆர்சிங்க் ஓட்டுங்கள். ஸ்வாப் ஃபைல் இருந்தால் அதை நகலெடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு பிடிஆர்எஃப்எஸ்ஸின் எம்கேஸ்வாப்ஃபைல் கட்டளையால் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

நகல் முடிந்ததும், கிரப்பைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கருவி கிரப்-எஃப்எஸ்டெஸ்ட். டெபியனில் கிரப்-காமன் பேக்கேஜோடு வருகிறது. இருந்தும் அதைத் தெரிந்தவர்கள் குறைவு. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கெர்னலைக் கேட்காமல், கிரப்பின் சொந்த ரீடரை வைத்து ஒரு பார்ட்டிஷனைப் படித்துக் காட்டும். அதற்குப் பார்ட்டிஷன் பெயரையும் எல்எஸ் என்ற கட்டளையையும் கொடுங்கள். ‘@’ ஃபோல்டரும் அதற்குள் பூட் ஃபோல்டரும் வரிசையாக வந்தால், அந்த வெர்ஷன் கிரப்புக்கு உங்கள் ஃபைல்சிஸ்டம் புரிகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: இது சோதிப்பது பேக்கேஜில் உள்ள கிரப்பை. நிஜமாக பூட் செய்யும் கிரப், கடைசியாக கிரப்-இன்ஸ்டால் ஓட்டிய அன்று டிஸ்க்கில் எழுதியது. டெபியனில் பேக்கேஜ் மாறும்போது அதுவும் சேர்ந்து மாறும்படி வழக்கமாக அமைந்திருக்கும், ஆர்ச்சில் மாறாது. 2022 ஆகஸ்டில் ஆர்ச் பயனர்கள் பலர் பூட் ஆகாமல் தவித்தது இதனால்தான். கிரப் பேக்கேஜ் புதியது, அது எழுதிய மெனு ஃபைல் புதியது, டிஸ்க்கில் இருந்த கிரப் மட்டும் பழையது. எனவே கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மெனுவில் ‘சி’ விசையை அழுத்தி, கிரப்பின் கட்டளை வரியிலும் எல்எஸ் போட்டுப் பார்த்துவிடுங்கள். நாளை பூட் செய்யப்போகும் ஆளிடமே கேட்டதாக இருக்கும்.

அடுத்து விலாசம் மாற்றும் வேலை. புதுப் பார்ட்டிஷனுக்குப் புது யூயூஐடி. பழைய யூயூஐடி எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எஃப்எஸ்டேப் ஃபைலில் இருக்கிறது. அதைக் கையால் மாற்றி, ஃபைல்சிஸ்டம் வகையையும் சப்வால்யூம் ஆப்ஷனையும் எழுதி, கடைசி எண்ணை 0 ஆக்குங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு பூட் நேரத்து எஃப்எஸ்சிகே தேவையில்லை. பிறகு டெவ், பிராக், சிஸ் மூன்றையும், யூஇஎஃப்ஐ வேரியபிள்களையும், இஎஸ்பியையும் அதனதன் இடத்தில் மவுண்ட் செய்து, சிஎச்ரூட் போட்டு உள்ளே போய், அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்று வரிசையாக ஓட்டுங்கள். மெனு ஃபைலை அப்டேட்-கிரப் எழுதிவிடும். கெர்னல் வரியில் ‘ரூட்ஃபிளாக்ஸ்=சப்வால்=@’ என்று வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இடம் இன்னொன்று இருக்கிறது. இஎஸ்பிக்குள், டெபியன் என்ற ஃபோல்டரில், மூன்றே வரியுள்ள ஒரு கிரப்.சிஎஃப்ஜி. முதல் வரி, இந்த யூயூஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடு என்கிறது. இரண்டாவது, அதில் கிரப் ஃபோல்டர் இருக்கும் பாதை. மூன்றாவது, அங்கே உள்ள பெரிய மெனு ஃபைலைத் திற. செக்யூர் பூட்டுக்காகக் கையெழுத்திடப்பட்ட கிரப் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றேதான். அதற்குள் உங்கள் யூயூஐடியை எழுத முடியாது. அதனால்தான் இந்தக் குட்டி ஃபைல். நகலெடுத்த பிறகும் பழைய எக்ஸ்ட்4-தான் பூட் ஆகிறது என்றால் பெரும்பாலும் இது மாறாமல் இருக்கும். அதில் பாதை ‘/@/பூட்/கிரப்’ என்று ‘@’ சேர்த்து இருக்க வேண்டும். கிரப்பின் மூல வெளியீடு எப்போதும் பிடிஆர்எஃப்எஸ்ஸின் உச்சி நிலையிலிருந்தே பாதையைக் கணக்கிடும். டிஃபால்ட் சப்வால்யூமை நீங்கள் எதுவாக வைத்தாலும் பார்க்காது. ஓப்பன்சூசே இதைத் தன் பேட்ச்களால் மாற்றி வைத்திருக்கிறது, அதனால் அங்கே படித்த குறிப்பை இங்கே அப்படியே போட்டால் பொருந்தாது.

கிரப்-இன்ஸ்டால் ஓட்டுவதற்கு முன் அந்தக் குட்டி ஃபைலை இஎஸ்பியிலேயே வேறு பெயரில் நகலெடுத்து வையுங்கள். புதியது எழுந்திருக்கவில்லை என்றால், கிரப்பின் கட்டளை வரியில் கான்ஃபிக்ஃபைல் என்று கொடுத்து அந்த நகலைத் திறந்தால் பழைய மெனு அப்படியே வந்துவிடும். கிரப் 2.06-இலிருந்து மற்ற சிஸ்டம்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் டிஃபால்ட்டில் ஓடுவதில்லை என்பதால், பழைய சிஸ்டம் தானாகப் புது மெனுவில் வந்து உட்காரும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பூட் ஆகாவிட்டால், எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லும். ‘கிரப் ரெஸ்க்யூ’ என்றால் கிரப்பால் தன் ஃபோல்டரையே எட்ட முடியவில்லை. அங்கே பிரிஃபிக்ஸைச் சரியான பாதைக்கு மாற்றி, நார்மல் மாட்யூலை ஏற்றி, நார்மல் என்று கொடுத்தால் பெரும்பாலும் மெனு வந்துவிடும். மெனு வந்து, கெர்னலும் ஓடி, பிறகு ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு பிராம்ப்ட் வந்தால் கிரப் தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு கிரப்பை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் பயனில்லை. யூயூஐடியையும், இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பிடிஆர்எஃப்எஸ் மாட்யூல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பூட் ஆன பிறகும் ஒன்று தட்டுப்படலாம். கடைசியாகத் தேர்ந்தெடுத்த மெனுவை நினைவில் வைக்கும் வசதியை நீங்கள் போட்டிருந்தால், ‘ஸ்பார்ஸ் ஃபைல் நாட் அலவ்ட்’ என்று கிரப் புலம்பும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் அந்தச் சின்ன நினைவு ஃபைலில் கிரப்பால் எழுத முடியாது. அந்த வசதியை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டினால் சரியாகிவிடும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிரப் ஜர்னலைப் படித்துச் சரிசெய்யாது. கெர்னல் அப்டேட் முடிந்த கையோடு ரீசெட் பட்டனை அழுத்தினால், புதுக் கெர்னலின் விவரம் ஜர்னலில் மட்டும் இருந்து, கிரப் கண்ணுக்கு அந்த ஃபைல் காலியாகத் தெரிய வாய்ப்பு உண்டு. ஒழுங்காக ஷட்டவுன் செய்தால் இது வராது.

பழைய எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உடனே அழித்துவிடாதீர்கள். அடுத்த கெர்னல் அப்டேட் வரட்டும். அப்போதுதான் புது இனிட்ராம்எஃப்எஸ்ஸும் புது மெனு ஃபைலும், உங்கள் கை படாமல், பிடிஆர்எஃப்எஸ்ஸின் மேலேயே எழுதப்படும். அதிலிருந்து ஒரு முறை பூட் ஆகி, ஒரு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியும் பார்த்துவிட்டால் பழையதை எடுத்துவிடலாம். அது புதுப் பார்ட்டிஷனுக்குப் பின்னால் இருந்தால், அதை நீக்கி, பார்ட்டிஷனை நீட்டி, பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரீசைஸ் கட்டளையை ‘மேக்ஸ்’ என்று கொடுங்கள். மவுண்ட் ஆகியிருக்கும்போதே விரியும். முன்னால் இருந்தால் நீட்ட முடியாது, டிவைஸ் ஆட் கட்டளையால் அதே ஃபைல்சிஸ்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பல பார்ட்டிஷனில் பரவிய பிடிஆர்எஃப்எஸ்ஸையும் கிரப் படிக்கும். சேர்த்த பிறகு கிரப்-எஃப்எஸ்டெஸ்ட்டை இரண்டு பார்ட்டிஷன் பெயரையும் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.